400 விண்ணப்பங்களுக்குப் பிறகு: முதல் வேலையும் சமூக ஊடகமும்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு கல்லூரியில் 2025இல் பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்தவர் நீங்கள். அங்கே கேம்பஸ் இன்டர்வியூ என்று எதுவும் நடக்கவில்லை. ஆறு மாதமாகப் பெங்களூரு அல்சூரில் சித்தி வீட்டில் தங்கி, மென்பொருள் சோதனைப் பணிக்காக, வேலை தொடர்பான சமூக ஊடகமான லிங்க்ட்இன்னில் 400க்கும் மேற்பட்ட இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறீர்கள். வந்த பதில்கள் இரண்டு. அவற்றில் ஒன்று 15,000 ரூபாய் ‘டெபாசிட்’ கேட்டது. சமூக ஊடகத்தால் உண்மையிலேயே யாருக்காவது முதல் வேலை கிடைக்கிறதா, இன்ஸ்டாகிராமையெல்லாம் பார்ப்பார்களா, லிங்க்ட்இன் பிரீமியத்துக்குப் பணம் கட்டலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

கிடைக்கிறது. நான் வாணியம்பாடியிலிருந்து 2006இல் இந்த ஊருக்கு வேலை தேடி வந்தவன். பதினோரு ஆண்டுகளாக எலக்ட்ரானிக் சிட்டியில் நடுத்தர அளவிலான ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆளெடுக்கும் பிரிவில் இருக்கிறேன். சென்ற ஆண்டு நாங்கள் எடுத்த புதியவர்களில் பலர் ஏதோ ஒரு வகையில் சமூக ஊடகம் வழியாக எங்கள் கண்ணில் பட்டவர்களே. ஆனால் ஒரே தட்டில் விண்ணப்பிக்க உதவும் ‘ஈஸி அப்ளை’ பொத்தானை அழுத்தியதைத் தவிர வேறொன்றும் செய்யாமல் உள்ளே வந்தவர் என்று அவர்களில் ஒருவரைக்கூட என்னால் நினைவுகூர முடியவில்லை. நீங்கள் லிங்க்ட்இன்னை விண்ணப்பம் போடும் பெட்டியாக மட்டும் வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வேலை பார்க்கிறவர்களும் வேலை தருகிறவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை ஆறு மாதமாகக் கவனிக்காமல் விட்டுவிட்டீர்கள். என் பதிலின் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான்.

முதலில் அந்த 400 விண்ணப்பங்களும் எங்கே போயின என்பதைச் சொல்கிறேன், ஏனெனில் அது தெரியாதவரை பிழை தன்னிடத்தில்தான் என்று மனம் சோர்ந்துபோகும். ஒரு திங்கட்கிழமை காலையில் புதியவர்களுக்கான ஒரு பணியிடத்தை நான் லிங்க்ட்இன்னில் ஏற்றினால், மதியச் சாப்பாட்டுக்கு எழுவதற்குள் சில நூறு விண்ணப்பங்கள் வந்துவிடும். இந்தியாவில் அந்தத் தளத்தில் 10 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் உள்ளன, அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக இங்கேதான் அதிகம் என்பதை நினைத்தால் இதில் வியப்பு இல்லை. பணியிடத்தை ஏற்றும்போதே சில வடிகட்டும் கேள்விகளை வைக்க வழியுண்டு. ‘செலினியம் என்ற தானியங்கிச் சோதனைக் கருவியில் எத்தனை ஆண்டு அனுபவம்?’ என்று பழைய அறிவிப்பிலிருந்து நகலெடுத்து யாரோ போட்ட கேள்விக்கு நீங்கள் நேர்மையாக 0 என்று எழுதியிருப்பீர்கள். அந்த நொடியில் உங்கள் விண்ணப்பம் ‘பொருந்தாதவை’ என்ற தனிப் பட்டியலுக்குப் போய்விடும், அதை ஒருவரும் திறப்பதில்லை. மிஞ்சியவற்றில் நான் மேலிருந்து நாற்பது, ஐம்பது விண்ணப்பங்களைத் திறப்பேன். எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்ததும் நிறுத்திக்கொள்வேன். ஆகவே உங்களை யாரும் படித்துப் பார்த்து நிராகரிக்கவில்லை. பெரும்பாலான இடங்களில் உங்களைப் படிக்கவே இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எங்கள் ஊழியர்கள் பரிந்துரைக்கும் ரெஸ்யூமேக்கள் வேறொரு பட்டியலில் வரும். அதைத்தான் நான் முதலில் திறப்பேன், அது முழுவதையும் பார்த்தும் விடுவேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆய்வைச் சொன்னால் பொருத்தமாக இருக்கும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டன் என்னும் ஊரில், தெரிந்தவர்கள் மூலம் வேலை பெற்றவர்களிடம் ‘அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?’ என்று கேட்டுத் தொகுத்திருந்தார். அடிக்கடி பார்ப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் 16.7 சதவீதம்தான், எப்போதாவது பார்ப்பவர் மூலம் பெற்றவர்கள் 55.6 சதவீதம், அரிதாகவே பார்ப்பவர் மூலம் பெற்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கிய உறவினருக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும், எட்ட இருப்பவரிடம்தான் புதிய செய்தி இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். லிங்க்ட்இன்னில் சுமார் 2 கோடிப் பேரிடம் ஐந்து ஆண்டுகள் நடத்திய சோதனைகளின் முடிவு 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. அதுவும் ஏறக்குறைய இதையே காட்டியது: மிக நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத இடைப்பட்ட பழக்கமே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியது.

உங்கள் நிலைமைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். சித்தியும் சித்தப்பாவும் உங்களுக்கு இருக்க இடமும் சோறும் தருகிறார்கள். அதைவிடப் பெரிய உதவி இந்த ஊரில் இல்லை. ஆனால் அவர்கள் பழகும் வட்டத்தில் மென்பொருள் சோதனைக்கு எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்து சேர வழியில்லை. அது உங்களுக்கு மூன்று ஆண்டுகள் மூத்தவராக அதே கல்லூரியில் படித்து, உங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிராமல், இப்போது மாரத்தஹள்ளியில் ஒரு பிஜி விடுதியில் தங்கி வேலைக்குப் போய்வரும் யாரோ ஒருவரிடம் இருக்கிறது. அவரைக் கண்டுபிடிப்பதற்குத்தான் சமூக ஊடகம்.

கண்டுபிடிப்பது கடினமும் இல்லை. லிங்க்ட்இன்னில் உங்கள் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால் ‘அலம்னை’ (முன்னாள் மாணவர்கள்) என்று ஒரு பகுதி இருக்கும். அதில் எங்கே வசிக்கிறார்கள், எங்கே வேலை செய்கிறார்கள், என்ன வேலை என்று பிரித்துப் பார்க்கலாம். பெங்களூரு என்பதைத் தேர்ந்தெடுத்து, சோதனை அல்லது தரம் தொடர்பான சொற்களைத் தேடினால் பத்துப் பதினைந்து பெயர்களாவது தேறும். உங்களுடையது சிறிய கல்லூரி என்பதால் பக்கமே இல்லாமலும் போகலாம். அப்போது அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரால் தேடுங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகள் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால் வலை சற்றே அகலமாகும். பள்ளிக்கூடத்தின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். ஒரே ஊர்ப் பள்ளியில் படித்தோம் என்ற ஒட்டுறவுக்கு இந்த ஊரில் தனி மதிப்பு உண்டு. சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் சிக்கிவிட்டு வீட்டுக்கு வருகிற ஆளுக்கு, ‘நானும் அந்தப் பள்ளிதான்’ என்று ஒரு செய்தி வந்திருந்தால் அதைப் படிக்காமல் தூங்கப் போக மாட்டார்.

ஆள் கிடைத்த பிறகு என்ன எழுதுவது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். எனக்கு வாரத்துக்கு நாற்பது செய்திகளாவது வருகின்றன. அவற்றில் முப்பத்தைந்து, பெயரை மட்டும் மாற்றி அச்சடித்தவை போலவே இருக்கும்: ‘மதிப்பிற்குரிய ஐயா, நான் 2025ஆம் ஆண்டுப் பட்டதாரி. கடின உழைப்பாளி. எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன். தங்கள் நிறுவனத்தில் ஏதேனும் வாய்ப்பு இருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும்.’ இதில் பணிவுக்குக் குறைவில்லை. ஆனால் தலைமையாசிரியருக்கு எழுதும் விடுப்பு விண்ணப்பத்தின் பணிவு அது. இதைப் படிப்பவர் உங்களுக்கு உதவ வேண்டும் என்று நினைத்தாலும், தங்கள் நிறுவனத்தில் என்னென்ன இடங்கள் காலியாக உள்ளன, அவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று அவரே தேட வேண்டியிருக்கிறது. தேட மாட்டார். நானும் தேடியதில்லை.

இதற்கு மாறாக, சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருவருக்கு ஆடுதுறைப் பக்கத்திலிருந்து வந்த செய்தியை அவர் எனக்குக் காட்டினார். ஆங்கிலத்தில்தான் இருந்தது, பொருள் இதுதான்: ‘வணக்கம் அக்கா. நானும் நம் கல்லூரியில் இந்த ஆண்டு முடித்தேன். நீங்கள் சோதனைப் பிரிவில் சேர்ந்தபோது கையால் செய்யும் சோதனையில் தொடங்கினீர்களா, ஆட்டோமேஷன் முன்பே தெரிந்திருக்க வேண்டியிருந்ததா? ஒரு வரியில் சொன்னாலும் போதும்.’ இதற்குப் பதில் எழுத அரை நிமிடம் போதும். பேருந்தில் நின்றுகொண்டே எழுதிவிடலாம். அந்தப் பெண்ணும் அப்படித்தான் எழுதினார். பத்து நாள் கழித்து, ‘நீங்கள் சொன்னபடி எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்தில் தேடும் மொழி) அடிப்படைகளை முடித்துவிட்டேன், இது நான் செய்த பயிற்சி’ என்று இன்னொரு செய்தி வந்தது. மூன்றாவது செய்தியில்தான் வேலை என்ற சொல்லே வந்தது. அதற்குள் எங்கள் அலுவலகப் பெண்ணுக்கு அந்தத் தம்பியின் மேல் ஓர் அக்கறை வந்துவிட்டிருந்தது. இணைப்புக் கோரிக்கையோடு எழுதும் குறிப்புக்குச் சில வரிகளுக்குத்தான் இடம் உண்டு, கட்டணமில்லாத கணக்குக்கு மாதத்துக்கு இத்தனைதான் என்ற வரம்பும் உண்டு. ஆகவே குறிப்பில் யார், எந்தக் கல்லூரி என்பதை மட்டும் எழுதி, அவர் ஏற்றுக்கொண்ட பிறகு கேள்வியைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒரு வாரம் விட்டு ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

ரெஃபரல், அதாவது ஊழியரின் பரிந்துரை, கேட்கும் கட்டம் வரும்போது சில நடைமுறைகள் தெரிந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் சிபாரிசு என்ற சொல்லுக்கு ஒரு கறை ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஏதோ பின்கதவு வழி நுழைவது போல. இங்கே அது வெளிப்படையான ஏற்பாடு. பல நிறுவனங்களில், பரிந்துரைத்த ஆள் சேர்ந்து சில மாதங்கள் நிலைத்தால், பரிந்துரைத்த ஊழியருக்கு ஊக்கத்தொகை கிடைக்கும். நீங்கள் கேட்பது பிச்சை அன்று என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அவருக்குத் தேவைப்படுபவை நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அந்தப் பணியிடத்துக்குத் தரப்பட்டிருக்கும் எண், பி.டி.எஃப். வடிவில் உங்கள் ரெஸ்யூமே, உங்கள் மின்னஞ்சல், கைபேசி எண், அந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருத்தம் என்று அவர் அப்படியே ஒட்டிக்கொள்ளத்தக்க மூன்று வரிகள். இவற்றை ஒரே செய்தியில் அனுப்பினால் அவருக்கு வேலை மிச்சம்.

இதைவிட முக்கியமான ஒன்று, பலர் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். நிறுவனத்தின் தளத்தில் நீங்களே ஏற்கெனவே விண்ணப்பித்துவிட்டால், உங்கள் மின்னஞ்சலும் எண்ணும் அங்கே பதிவாகிவிடும். அதன் பிறகு யாராவது உங்களைப் பரிந்துரைக்க முயன்றால், ‘இவர் ஏற்கெனவே உள்ளார்’ என்று மென்பொருள் திருப்பி அனுப்பிவிடும். பல இடங்களில் இந்தத் தடை சில மாதங்கள் நீடிக்கும். உங்கள் 400 விண்ணப்பங்களில் எத்தனை இப்படி வாசலை அடைத்து வைத்திருக்கின்றனவோ. இனி விருப்பமான நிறுவனம் என்றால் முதலில் ஆளைத் தேடுங்கள், கிடைக்கவில்லையென்றால் மட்டும் நேரடியாக விண்ணப்பியுங்கள்.

வேலை அறிவிப்புகளைத் தேடும் முறையையும் கொஞ்சம் மாற்றலாம். லிங்க்ட்இன்னில் ‘ஜாப்ஸ்’ பகுதியை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் தேடல் பெட்டியில் ஃப்ரெஷர், டெஸ்டிங், பெங்களூரு போன்ற சொற்களை ஆங்கிலத்தில் இட்டு, ‘போஸ்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்து, கடந்த 24 மணி நேரம் என்று வடிகட்டினால், குழுத் தலைவர்களே தம் கையால் எழுதிய பதிவுகள் கிடைக்கும். ‘எங்கள் குழுவுக்கு இரண்டு பேர் வேண்டும்’ என்று நாலு வரியில் எழுதப்பட்ட அந்தப் பதிவுக்கு வரும் விண்ணப்பங்கள் குறைவு, எழுதியவரே அவற்றைப் படிப்பார். எக்ஸ் தளத்திலும் இவ்வாறான பதிவுகள் உண்டு, குறிப்பாகச் சிறிய ஸ்டார்ட்அப்களுடையவை. காலையில் இருபது நிமிடம் இதற்குப் போதும். பகல் முழுவதும் விரலால் தள்ளிக்கொண்டிருப்பது வேலை தேடுவதாகாது, தேடிக்கொண்டிருப்பதாகத் தோன்றவைக்கும், அவ்வளவே.

இனி, உங்களைத் தேடி யாராவது வந்து பார்த்தால் அங்கே என்ன இருக்கும்? புதியவர்களிடம் அனுபவச் சான்று இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் செய்த வேலை எதுவுமே இல்லை என்பது வேறு. ஆம்பூர்ப் பையன் ஒருவனின் கதையைச் சொல்கிறேன். அவனுடைய மாமாவுக்கு ஓர் இனிப்புக் கடை. வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்துக் களைத்துப்போய், உள்ளூர் ஆள் ஒருவரைக் கொண்டு ஓர் இணையப் பக்கம் செய்து வைத்திருந்தார். இவன் அந்தப் பக்கத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குடைந்திருக்கிறான். எண்ணிக்கைக் கட்டத்தில் மைனஸ் 1 என்று இட்டால் தொகையும் மைனஸில் வந்தது. கைபேசி எண்ணில் பதினோரு இலக்கங்களை ஏற்றுக்கொண்டது. ஆர்டர் பொத்தானை இரண்டு முறை வேகமாகத் தட்டினால் இரண்டு ஆர்டர்கள் பதிவாயின. முகவரியை வெறுமையாக விட்டாலும் ‘நன்றி, விரைவில் வந்து சேரும்’ என்றது. இப்படி இருபத்திரண்டு குறைகளை, என்ன செய்தேன், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது என்று மூன்று பத்திகளில் ஸ்கிரீன்ஷாட்டுகளுடன் தொகுத்து, மாமாவிடம் அனுமதி வாங்கி, கடைப் பெயரை மறைத்து, லிங்க்ட்இன்னில் ஏற்றினான். பதிவின் முதல் வரி, ‘எங்கள் மாமா கடையில் மைனஸ் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கலாம்.’

எங்கள் சோதனைக் குழுவின் தலைவி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு எனக்கு அனுப்பினார். நேர்காணலில் முக்கால் மணி நேரமும் அந்தப் பட்டியலைப் பற்றியே பேச்சு: இந்த இருபத்திரண்டில் எதை முதலில் சரிசெய்யச் சொல்வாய், ஏன்? இரட்டை ஆர்டர்தான் முதலில் என்றான், ஏனென்றால் அதில் மாமாவுக்கு மைசூர்பாகு நஷ்டம். அவனுடைய மதிப்பெண் 58 சதவீதம். எங்கள் வரம்பு 60. விதிவிலக்குக் கேட்டு நான் எழுதிய குறிப்புடன் அந்தப் பட்டியலையும் இணைத்து மேலே அனுப்பினேன். இப்போது அவன் எங்கள் நிறுவனத்தில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறான்.

நீங்களும் இதே தடத்தில் நடக்கலாம், இன்னொரு மைசூர்பாகு தேவையில்லை. அக்கம்பக்கத்துக் கடை, தெரிந்தவர் நடத்தும் டியூஷன் மையம், நீங்களே எழுதிய சிறு செயலி என எதையாவது எடுத்து, உரியவரின் அனுமதியோடு சோதித்து, கண்டதைத் தெளிவாக எழுதுங்கள். நிரல் எழுதுபவராக இருந்தால், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வையுங்கள். அங்கே பிறர் எழுதியதை நகலெடுத்து நிரப்பிய முப்பது தொகுப்புகளைவிட, என்ன செய்கிறது, எப்படி இயக்குவது என்று விளக்கக் குறிப்புடன் நீங்களே எழுதிய ஒன்று போதும். வடிவமைப்பு என்றால் வடிவமைப்பாளர்களின் தளமான பிஹான்ஸ் அல்லது இன்ஸ்டாகிராம். ‘இன்று பைத்தான் கற்கத் தொடங்கினேன், முதல் நாள்’ என்று நூறு நாள் எண்ணிக்கொண்டு போகும் பதிவுகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. பதினேழாம் நாளில் நின்றுபோனவற்றையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

சுயவிவரப் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முகம் தெளிவாகத் தெரியும் படம், ‘வேலை தேடுகிறேன்’ என்பதற்குப் பதிலாக என்ன தெரியும் என்று சொல்லும் தலைப்பு வரி, சரியான ஊர்ப் பெயர், இவை போதும். ஊர் இன்னமும் கிருஷ்ணகிரி என்றே இருந்தால் பெங்களூரு என்று வடிகட்டும் எங்கள் தேடலில் நீங்கள் வரவே மாட்டீர்கள், அதை இன்றே மாற்றுங்கள். படத்தைச் சுற்றி வரும் ‘ஓப்பன் டு ஒர்க்’ (வேலைக்குத் தயார்) என்ற பச்சை வளையத்தைப் புதியவர்கள் போட்டுக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

ஒன்றை மட்டும் வலியுறுத்துவேன்: மொழிகள் என்ற பகுதியில் தமிழ் என்று எழுதுங்கள். இது நம் பிள்ளைகள் பெரும்பாலும் விட்டுவிடும் இடம். இந்த ஊரிலுள்ள பல நிறுவனங்களுக்குத் தமிழ்நாட்டில் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பேச, தமிழ்ப் பதிவுகளைச் சரிபார்க்க, தமிழ்க் குரல் மென்பொருள்களைச் சோதிக்க, செயலிகளின் தமிழ் வடிவத்தில் பிழை பார்க்க ஆள் தேடுகிறார்கள். இந்த வேலைகளுக்கு ஆங்கிலத்தில் ‘தமிழ்’ என்ற சொல்லை இட்டுத்தான் நாங்கள் தேடுவோம். சோதனைப் பணியில் நுழைய இது பக்கத்து வாசலாக அமையலாம். ஆறு மாதத்தில் கன்னடம் கொஞ்சம் காதில் விழுந்திருக்கும், அதையும் தொடக்கநிலை என்று குறிப்பிடுங்கள். அல்சூரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழிகளும் சரளமாக வருவது, வாடிக்கையாளர் சேவை வேலைகளில் அவர்களுக்கு எவ்வளவு கைகொடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

திரையை விட்டு எழுந்து போக வேண்டிய இடங்களும் உண்டு. இந்த ஊரில் இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: பைத்தான் பயனர்களின் பேங்பைப்பர்ஸ், கட்டற்ற மென்பொருளுக்கான ஃபாஸ் யுனைடெட் போன்ற குழுக்களின் சந்திப்புகள் இங்கேயே நடக்கின்றன, அவற்றின் அறிவிப்பும் சமூக ஊடகத்தில்தான் வருகிறது. அல்சூரின் ஹலசூரு நிலையத்தில் ஏறினால் ஒயிட்ஃபீல்டு வரை ஒரே மெட்ரோ. 2025 ஆகஸ்ட்டில் மஞ்சள் தடம் திறந்த பிறகு, மெஜஸ்டிக்கிலும் ஆர்.வி. ரோட்டிலும் மாறி எலக்ட்ரானிக் சிட்டிக்கும் மெட்ரோவிலேயே வரலாம். சந்திப்பில் ஒருவரோடு ஐந்து நிமிடம் பேசிவிட்டு அன்றிரவே லிங்க்ட்இன்னில் இணைப்புக் கோரிக்கை அனுப்பினால், அது அந்நியர் கோரிக்கையாக இருக்காது.

இப்போது அந்த 15,000 ரூபாய். கட்டாமல் விட்டது நல்லது. வேலை தருவதற்காக முன்பணம் கேட்பவர், அதற்கு டெபாசிட், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் உத்தரவாதம், சரிபார்ப்புச் செலவு என்று எந்தப் பெயர் வைத்தாலும், வேலை தருபவர் இல்லை. ‘சேர்ந்ததும் திருப்பித் தரப்படும்’ என்ற வாக்கியம் வந்தால் இன்னும் உறுதி. பெரிய நிறுவனங்களின் பெயரிலேயே இது நடக்கிறது. மின்னஞ்சல் முகவரியில் நிறுவனத்தின் பெயரோடு ஒரு ஹைஃபன் குறியையும் ‘கேரியர்ஸ்’ என்பதையும் ஒட்டவைத்து, உண்மையானது போலவே ஒரு முகவரியை உருவாக்கிவிடுவார்கள். நேர்காணலே இல்லாமல், அல்லது டெலிகிராமில் எழுத்தில் மட்டும் கேள்வி கேட்டுவிட்டு ஆஃபர் லெட்டர் வந்தால், அந்தப் பணியிடம் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ளதா என்று பாருங்கள். பெயர் கேள்விப்படாத நிறுவனமென்றால், மத்திய கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் தளத்தில் அது எந்த ஆண்டு பதிவானது, எங்கே பதிவு அலுவலகம், இன்னும் நடப்பில் உள்ளதா என்று தேடிப் பார்க்கலாம். பணம் கட்டி ஏமாந்தவர் யாராவது உங்கள் தோழிகளில் இருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்களோ, பணம் அடுத்த கணக்குக்குப் போகுமுன் முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

தொடக்கத்தில் பணம் கேட்காத மோசடிகள்தான் இன்னும் ஆபத்தானவை. காணொளிகளுக்கு லைக் போட்டால் பணம் என்று தொடங்கி, முதலில் சில நூறு ரூபாய் கொடுத்து நம்பவைத்து, பிறகு ‘டாஸ்க்’ முடிக்கப் பணம் போடச் சொல்லும் டெலிகிராம் குழுக்களை அறிவீர்கள். ‘உங்கள் வங்கிக் கணக்கில் நிறுவனப் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள்’ என்பதும் வேலையாகவே விளம்பரம் செய்யப்படுகிறது. அது திருட்டுப் பணத்தைக் கைமாற்றும் வேலை, வழக்கு கணக்குக்கு உரியவர் மேல்தான் வரும். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கைநிறையச் சம்பளம் என்று சமூக ஊடகத்தில் பார்த்து நம்பிப் போன இளைஞர்கள் மியான்மரின் மியாவடி பகுதிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடி செய்ய வற்புறுத்தப்பட்டார்கள். தமிழர்களும் அவர்களில் இருந்தார்கள். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்த பிறகும் அவ்வாறான விளம்பரங்கள் நிற்கவில்லை.

இந்த ஊருக்கே உரிய இன்னொன்று, போலி அனுபவச் சான்று. மூன்று ஆண்டு அனுபவம் என்று காகிதம் தயாரித்துத் தரும் கன்சல்டன்சிகள் வாட்ஸ்அப் குழுக்களில் தைரியமாகவே விளம்பரம் செய்கின்றன. பின்னணிச் சரிபார்ப்பில் வருங்கால வைப்பு நிதியில் ஊழியருக்குத் தரப்படும் எண்ணான யு.ஏ.என். பதிவைப் பார்க்கிறோம், அனுபவம் சொல்லும் காலத்தில் சந்தா வரவில்லையென்றால் கேள்வி எழும். சேர்ந்து எட்டு மாதம் கழித்துக் கண்டறியப்பட்டு வெளியேற்றப்பட்ட ஒருவருக்குக் கடிதம் தட்டச்சு செய்தவன் நான். அதன் பிறகு அவர் ரெஸ்யூமேயில் அந்த எட்டு மாதத்தை எழுதவும் முடியாது, எழுதாமல் விளக்கவும் முடியாது.

ரெஸ்யூமேயில் ஆதார் எண், பான் எண், அப்பா பெயர், வீட்டு முகவரி ஆகியவை இருந்தால் நீக்கிவிடுங்கள். பழைய பயோடேட்டா வடிவத்தின் மிச்சம் அவை, 400 இடங்களுக்குப் போயிருக்கின்றன என்பதை நினைக்கச் சங்கடமாக இருக்கிறது. ஆதாரைக் காட்டித்தான் ஆக வேண்டிய இடத்தில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரலாம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டுங்கள், யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

இன்ஸ்டாகிராமைப் பற்றிக் கேட்டீர்கள். புதியவர்களுக்கு நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பு பெரும்பாலும் படிப்பு, முகவரி, குற்ற வழக்கு ஆகியவற்றோடு முடிந்துவிடும். நேர்காணல் நடத்துபவர் ஆர்வத்தில் பெயரைத் தேடிப் பார்ப்பதுண்டு. நீங்கள் தோழிகளோடு நந்தி மலையில் எடுத்த படங்களால் யாருடைய வேலையும் போகாது. கணக்கைப் பூட்டிவைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். முன்பு வேலை செய்த இடத்தையோ நேர்காணலில் கேள்வி கேட்டவரையோ பெயர் சொல்லித் திட்டிய பதிவு இருந்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்; அப்படியொன்றை நாங்கள் ஒருமுறை பார்த்துப் பின்வாங்கியிருக்கிறோம்.

பிரீமியத்துக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்தி அனுப்பும் வசதியும், உங்கள் பக்கத்தைப் பார்த்தவர்களின் முழுப் பட்டியலும் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் மேலே சொன்ன எதற்கும் அது தேவையில்லை. முதன்முறை எடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு மாதம் இலவசமாகத் தருகிறார்கள். அதைக் கையில் வைத்திருந்து, இரண்டு மூன்று நேர்காணல்கள் ஒன்றாக வரும் மாதத்தில் தொடங்குங்கள். அட்டை எண்ணைக் கொடுத்த அன்றே, முடியும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாக ஒலிக்கும்படி கைபேசியில் அலாரம் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாதக் கட்டணம் தானாகவே பிடிக்கப்படும்.